கொழும்பு வெக்கையில் பின்னல் பழகலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 36, அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். வீடு மாறும்போது அப்பம்மாவின் பின்னல் ஊசிகள் ஒரு பிஸ்கற் டின்னுக்குள் கிடைத்திருக்கின்றன. இந்த வெக்கையில் பின்னிப் பழகி என்ன பிரயோசனம்? வேலைக்கும் சமையலுக்கும் நடுவில் இதைத் தொடர முடியுமா? ஒன்பது வயது மகன் தானும் பழகப்போவதாக நிற்கிறான், மாமியோ "ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை" என்கிறார், என்ன செய்வது? பழகினால் அது வாழ்நாள் முழுக்க வருமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

பழகுங்கள் தங்கச்சி, மகனையும் பழக்குங்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் வெக்கை. பின்னல் என்றால் கம்பளி, கம்பளி என்றால் குளிர் தேசம் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. உங்கள் வீட்டுக்காரர் போடும் பெனியன் பின்னல்தான். பிள்ளைகளின் ரீசேட்டும் காலுறையும் பின்னல்தான். பெனியனின் ஓரத்தை இழுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த கண்ணிகள் வரிவரியாகத் தெரியும். மெஷின் செய்யும் அதே வேலையை நாம் இரண்டு ஊசியால் ஆறுதலாகச் செய்கிறோம். நெய்த துணியில் நூல் நேராக ஓடும், பின்னலில் வளைந்து வளைந்து ஓடும். அதனால்தான் பெனியன் இழுபடுகிறது, சேட் இழுபடுவதில்லை. உலகத்தில் கிடைத்த மிகப் பழைய ஊசிப் பின்னல்களே எகிப்தில் கிடைத்தவை, 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையானவை. அவற்றில் நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னிய காலுறைகளும் உண்டு. நம்மைவிட வெயில் காயும் நாட்டில் அன்றே பருத்தியில் செய்த வேலை இது.

ஆகவே நீங்களும் பருத்தியில் தொடங்குங்கள். புறக்கோட்டையில் மெயின் ஸ்ட்ரீட், கெய்சர் வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அக்ரிலிக் நூல்தான். விலை குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும், கழுவினால் சுருங்காது. ஆனால் அது வேர்வையைக் குடிக்காது. ஆண்டு முழுக்க 27, 28 பாகையில் புழுங்கும் ஊரில் அக்ரிலிக் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டால் பிள்ளை அழும். இன்னொன்று, சூட்டுக்கு அது உருகும். அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது.

பருத்திக்கும் குணம் உண்டு. கம்பளி இழுத்து விட்டால் பழையபடி சுருங்கும், பருத்தி சுருங்காது. பாரமும் கூட. பெரிய சட்டையாகப் பின்னினால் தன் பாரத்திலேயே தோளில் தொய்ந்து முழங்காலைப் பார்க்கும். அதனால் பருத்தியில் சின்னச் சாமான்கள்தான் அழகு: குசினித் துணி, குழந்தை துடைக்கும் துணி, கைப்பை, கைக்குழந்தையின் கையில்லாச் சட்டை. மெர்சரைஸ் செய்த பருத்தி நூல் என்று ஒன்று வரும், மினுக்கமாக, வழுவழுப்பாக இருக்கும். பார்க்க நல்ல வடிவு. பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம், கண்ணி ஊசியிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அப்பம்மாவின் ஊசிகளுக்கு வருவோம். தலையில் 8, 10, 12 என்று இலக்கம் பொறித்திருந்தால் அது பழைய பிரித்தானிய அளவு. அதில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க அளவு தலைகீழ், அங்கே இலக்கம் கூடினால் ஊசி தடிக்கும், அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீற்றர். இன்டர்நெட்டில் கிடைக்கும் செய்முறைகளில் பல அமெரிக்காவிலிருந்து வருகிறவை. இலக்கத்தை நம்பாமல் மில்லிமீற்றரைப் பாருங்கள். இன்னொரு விஷயம், வெள்ளவத்தைக் கடல்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஒவ்வோர் ஊசியையும் ஈர வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். செம்மண் நிறத்தில் கறை வந்தால் அந்த ஊசி நினைவுக்கு மட்டும், நூலில் பட்டால் போகாது. அலுமினிய ஊசிகளுக்கு அந்தப் பயம் இல்லை, மேற்பூச்சு உரியாமல் இருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.

முதல் வேலையாக ஒரு குசினித் துணி. டபிள் நிட்டிங் என்னும் நடுத்தரத் தடிப்பில் பருத்தி நூல், 4 மில்லிமீற்றர் ஊசி, 40 கண்ணி. எல்லா வரியும் பிளேன், அதாவது முதலில் பழகும் சாதாரணக் கண்ணி. அதன் மறுபுறமான பர்ள் கண்ணி வேண்டாம். இரண்டு வரிக்கு ஒரு மேடு விழும். 40 மேடு வந்ததும் முடித்துவிடுங்கள். அளவுநாடா இல்லாமலே சதுரம் வரும், ஏனென்றால் பிளேன் பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு மேட்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. 18 சென்ரிமீற்றர் அளவில் ஒரு துணி கிடைக்கும், 50 கிராம் நூல் தாராளம். முதல் துணி கோணலாக இருந்தாலும் மேசை துடைக்கும். அதுதான் இதில் உள்ள வசதி.

கை வேர்க்கிறவர்களுக்கு உலோக ஊசியில் பருத்தி ஒட்டும். பழைய ஆட்கள் கையில் கொஞ்சம் பவுடர் தட்டிக்கொண்டு உட்காருவார்கள், இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி நேரம். இதில்தான் நான் கொஞ்சம் கறாராகச் சொல்வேன். தொடங்கி இடையில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கை வராமல் இல்லை, பின்னலுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கியதுதான் வினை. ஞாயிறு பின்னேரம் பின்னுவேன் என்று வைத்தால் அந்த ஞாயிறு ஒரு கலியாணவீடு வரும், அடுத்த ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மூன்றாவது ஞாயிறு ஊசி எங்கே வைத்தேன் என்று தேடுவீர்கள். தொடர்ந்து பின்னுகிறவர்கள் வீட்டில் பின்னல் அலுமாரிக்குள் இருக்காது. ஹோலில் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையில் தொங்கும். சோறு வேகும் நேரம் ஒரு வரி, நாடகத்தின் விளம்பர இடைவேளையில் இரண்டு வரி, வெளிநாட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஊர்க்கதை சொல்லும் நேரம் பத்து வரி. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் கை சும்மா இருக்கிறது அல்லவா?

கொழும்புத் தாய்மாருக்குக் கிடைத்த வரம் ரியூசன் வாசல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் பின்னேரம் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் சங்கீத வகுப்பு வாசலில் பின்னத் தொடங்கியபோது மற்றத் தாய்மார் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் ஊசி வாங்கி வந்தார், பிறகு இன்னொருவர். பிள்ளைகள் வளர்ந்து சங்கீதத்தை விட்டுவிட்டார்கள், நாங்கள் விடவில்லை.

எப்போதும் இரண்டு வேலை கையில் இருக்கட்டும். ஒன்று பேச்சுக்கும் பயணத்துக்கும் ஏற்ற வெறும் பிளேன். மற்றது எண்ணிப் பின்னும் பூவேலை, அது பிள்ளைகள் படுத்த பிறகு. பூவேலையைச் சனத்துக்கு நடுவில் தூக்கினால், யாராவது "தேத்தண்ணி குடிக்கிறீர்களா" என்று கேட்கும் நேரத்தில் எண்ணிக்கை போய்விடும், எரிச்சல் கேட்டவர்மேல் திரும்பும். வீட்டில் பின்னலுக்குக் கெட்ட பெயர் வருவது இப்படித்தான். முடிந்தவரை வரியை முடித்துவிட்டு வையுங்கள். குக்கர் கூவி நடுவில் எழும்பவேண்டி வந்தால், திரும்பி வந்து நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். அந்த ஊசியை வலக்கையில் பிடித்தால் திசை பிழைக்காது.

2022ஐ மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. காற்றாடி இல்லை, இன்டர்நெட் இல்லை, மாடிவீடுகளில் தண்ணீரும் ஏறாது. எங்கள் வீட்டில் எல்லாரும் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வோம். பிளேன் பின்னல் இருட்டிலும் வரும், விரல்நுனிக்குக் கண்ணி தெரியும். அதுவரை ஊசியைத் தொட்டே பார்க்காத என் மருமகள் அந்த யன்னலடியில்தான் பழகினாள், சலிப்பில்தான். இன்று என்னைவிட ஒழுங்காகப் பின்னுகிறாள், அதை நான் அவளிடம் சொல்வதில்லை.

சரி, மகன். ஆண்கள் பின்னுவது புதுமை இல்லை. பழைய ஐரோப்பாவில் பின்னல்காரர் சங்கங்கள் ஆண்களுடையவை. பெரு நாட்டில் தித்திகாகா ஏரியில் தக்கீலே என்றொரு தீவு. அங்கே ஊசிப் பின்னல் ஆண்களின் வேலை, பையன்கள் சின்ன வயதிலேயே தொப்பி பின்னப் பழகுவார்கள். அந்தத் தீவின் நெசவையும் பின்னலையும் யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. மாமியிடம் இதையெல்லாம் சொல்லி வாதாடவேண்டாம், யுனெஸ்கோ சொன்னதென்று எந்த மாமியும் மனம் மாறியதாக நான் கேள்விப்படவில்லை. வேறு வழி இருக்கிறது. கழியாக நூல் வாங்கினால் அதை உருண்டையாகச் சுற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இரண்டு கையையும் விரித்துக் கழியைப் பிடிக்கவேண்டும். மாமியைப் பிடிக்கச் சொல்லுங்கள், மகன் சுற்றட்டும். அவருடைய வயதுக்காரருக்குப் பெரும்பாலும் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே தெரிந்திருக்கும். நம் பெண்களுக்குத் தையலும் கைவேலையும் மிஷன் பள்ளிகள் வழியாகப் பாடமாக வந்தவை. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியிலேயே தையல் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அது வீட்டுக்கு வீடு பரவி, மேசைவிரிப்பு, வானொலிப் பெட்டியின் மேல் துணி, கதிரைத் தலைத்துணி என்று நம் ஹோல்களை நிரப்பிவிட்டது. மாமி பின்னிய ஒன்றாவது அலுமாரியில் மடித்திருக்கும். அதை எடுத்து, "இது எப்படிச் செய்தீர்கள் மாமி" என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்பது வயதுக்கு இது நல்ல பருவம். மெல்லிய நூல் வேண்டாம், கறுப்பும் கடும் நீலமும் வேண்டாம். இளநிறத்தில்தான் கண்ணி தெரியும். 15 கண்ணி போதும். கண்ணி ஏற்றுவதை நீங்களே செய்து முதல் இரண்டு வரியும் பின்னிக் கொடுங்கள், பிள்ளைகள் களைத்து எறிவது அந்த இடத்தில்தான். பத்து வரி போனதும் 15 கண்ணி 19 ஆகியிருக்கும், பயப்படவேண்டாம். வரி தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலால் பின்பக்கம் எடுத்துவிடுவான். முதல் கண்ணி இழுபட்டு இரண்டாகத் தெரியும், அவன் இரண்டையும் பின்னிவிடுவான். நூலை ஊசிக்குக் கீழே முன்பக்கம் விட்டுத் தொடங்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பிரித்துத் திருத்தாதீர்கள், முதல் துண்டு அகன்று போனால் போகட்டும். இடக்கைப் பிள்ளையாக இருந்தாலும் எல்லாரையும் போலவே பழக்கிப் பாருங்கள், இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது. மற்றப் பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதென்றால் ஊசியே வேண்டாம், விரலில் பின்னும் நாடா போதும்.

யாருக்குப் பின்னுவது என்பதுதான் பின்னலை வீட்டோடு சேர்க்கிறது. ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கிய வேலை முடியும், சும்மா தொடங்கியது பைக்குள் கிடக்கும். கொழும்பில் யாருக்கும் குளிராது என்று நினைக்கவேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து இரவு யாழ்ப்பாணம் போகும் ஏசி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், புத்தளம் தாண்டுமுன் பல் கிட்டும். அந்த பஸ்ஸுக்கென்றே பருத்திச் சால்வை பின்னிக் கொடுத்தால் வாழ்நாள் நன்றி. வங்கியில், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சொந்தக்காரர் இருந்தால் கம்பளியே பின்னலாம், தை மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழும் ஊர்.

அப்புறம் ரொறன்ரோ, லண்டன் பேரப்பிள்ளைகள், மருமக்கள். எங்கள் சனத்தில் இந்தப் பட்டியல் இல்லாத வீடு எது? அவர்களுக்குப் பின்னும்போது இரண்டு விஷயம். பிள்ளையை அளந்து அனுப்பச் சொல்லாதீர்கள், பிள்ளை நிற்காது. இப்போது அளவாக இருக்கும் சட்டையொன்றைக் கட்டிலில் விரித்து, அக்குளுக்குக் கீழே அகலத்தையும் நீளத்தையும் அளந்து போட்டோவோடு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு ஓர் அளவு பெரிதாகப் பின்னுங்கள், பார்சல் போய்ச் சேருமுன் பிள்ளை வளர்ந்துவிடும். தொப்பியென்றால் ஒரு வயதுத் தலை ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர் சுற்றளவு, பெரியவர்களுக்கு 56. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி தலையைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் சிறிதாக இருந்தால்தான் நிற்கும். இரண்டாவது, சாதாரணக் கம்பளியை அங்கே மெஷினில் போட்டுச் சூட்டில் உலர்த்துவார்கள். கம்பளி மயிரில் செதில் உண்டு. வெந்நீரும் உரசலும் சேர்ந்தால் செதில்கள் கோர்த்துக்கொள்ளும், சட்டை பொம்மைக்குத்தான் காணும். அந்தச் செதிலை மழுங்கச் செய்த சூப்பர்வாஷ் கம்பளி கிடைக்கிறது, வெளிநாட்டுக்கு அதையே பாவியுங்கள். அதையும் இளம் சூட்டில் கழுவித் தட்டையாக விரித்துக் காயவிடச் சொல்லி ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

கைக்குழந்தைப் பின்னலுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பிள்ளை பிறக்குமுன் எதுவும் வாங்கி வைக்கக்கூடாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சமாதானம் கண்டிருக்கிறோம்: பின்னலாம், ஆனால் கடைசி வரியை முடிக்காமல் ஊசியிலேயே விட்டுவைப்போம். செய்தி வந்ததும் முடித்து, 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குக் கொண்டுபோவோம். தொப்பிக்கும் காலுறைக்கும் நாடா வைக்காதீர்கள். தூங்கும் பிள்ளையின் தலையில் தொப்பி வேண்டாம், இந்த ஊரில் உடம்பு சூடேறிவிடும், கழன்று முகத்தை மூடவும் கூடும். பூச்சி உருண்டை போட்ட அலுமாரியிலிருந்து எடுத்த உடுப்பைப் பச்சைப்பிள்ளைக்குப் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியம் குறைவான பிள்ளைகளுக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் வாடையே செங்குருதிக் கலங்களை உடைத்து மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். கம்பளியைக் கழுவி நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் போதும். பூச்சி அரிப்பது அழுக்கும் வேர்வையும் பட்ட துணியைத்தான் முதலில்.

வாழ்நாள் முழுக்க வருமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகமறதி. பேத்தியின் பெயர் வராது, காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. ஊசியைக் கொடுத்தால் பிளேன் வரி தானாக ஓடும். கை பழகிய வேலையின் நினைவு மூளையில் வேறு வழியாகப் பதிகிறது, மறதி நோயின் தொடக்கத்தில் பெயர்களும் அன்றாடச் செய்திகளும் போன பிறகும் அது பெரும்பாலும் தங்கும். கண்ணி ஏற்றுவது மட்டும் அம்மாவுக்கு வரவில்லை, அதை என் மகள் ஏற்றிக் கொடுப்பாள். ஒரு சாண் அகலத்தில் நாடா நீண்டுகொண்டே போகும், மஞ்சள் முடிந்தால் பச்சை, பச்சை முடிந்தால் பையில் கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் "இது என்ன அக்கா" என்று கேட்டால், "இவளுக்குத்தான்" என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவார். யார் இருந்தாலும்.

விரல் மூட்டு நோகத் தொடங்கினால் மெல்லிய உலோக ஊசியை விட்டு மூங்கிலுக்கு மாறுங்கள். நீளமான வேலைக்கு, இரண்டு சின்ன ஊசியை ஒரு கேபிள் இணைக்கும் வட்ட ஊசி நல்லது, பாரம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும். நொந்தபடியே பின்னவேண்டாம்.

இந்தக் கிழமை புறக்கோட்டைக்குப் போனால் இளமஞ்சளிலோ வெளிர் நீலத்திலோ பருத்தி நூல் இரண்டு உருண்டை வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று மகனுக்கு. சிவப்பும் மெரூனும் சாயம் விடும், இப்போதைக்கு வேண்டாம். பிறகு சால்வை, சட்டை என்று பெரிய வேலைக்கு வாங்கும்போது எல்லா உருண்டையின் லேபிளிலும் சாயத் தொகுதி இலக்கம் ஒன்றா என்று பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒரே நிறம்தான் மிஸ்" என்பார். கடை வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும், வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். ஒரு உருண்டை கூடுதலாகவும் வாங்குங்கள், குறைந்தால் அதே சாயம் மறுபடி கிடைக்காது.